துவிச்சக்கரவண்டிப் பயண இலக்கியம்: ஒரு சமூகவியல் நோக்கு

1

பயண இலக்கியம் பற்றித் தமிழில் இதுவரை நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இரு பணிகளோடு அமைதி கண்டுவிடுகின்றன. நூல்களைக் கால வரிசையில் அடுக்குதல் ஒன்று. ஆசிரியரின் நடைச் சிறப்பைப் பாராட்டுதல் மற்றொன்று. இரண்டும் வேண்டியனவே. ஆயினும் பயணம் செய்தவர் யார், எவ்வசதிகளைக் கொண்டு செய்தார், எவருக்காக எழுதினார் என்னும் வினாக்களை எழுப்பாதவரை பயண நூலின் உள்ளடக்கத்தையோ உருவத்தையோ நாம் விளங்கிக்கொண்டவர்கள் ஆகமாட்டோம்.

துவிச்சக்கரவண்டியில் நெடுந்தூரம் சென்றோர் எழுதிய நூல்களை ஈண்டு எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. கப்பலிற் செல்பவர் மாலுமியை அடியோடு மறந்துவிட முடியாது. புகைவண்டியிற் செல்பவருக்கும் அதனைச் செலுத்துபவன் ஒருவன் உளன் என்பது தெரியும். துவிச்சக்கரவண்டியிற் செல்பவரோ தம் கால்வலிமை ஒன்றினாலேயே உலகைக் கடந்ததாக எண்ண இடமுண்டு. எரிபொருள் இல்லை, சாரதி இல்லை, விலங்கும் இல்லை. இவ்வகை நூல்களின் மையக் கருத்தாகத் 'தன் முயற்சி' அமைந்திருப்பது தற்செயலானதன்று. தனிமனிதன் தன் ஆற்றலால் மட்டுமே உயர்கிறான் என்பது முதலாளித்துவச் சமுதாயத்தின் அடிப்படையான கருத்துநிலைகளுள் ஒன்று. அக்கருத்துநிலை பயண இலக்கியத்தில் எடுத்த மிகத் தூய வடிவங்களுள் ஒன்றாகத் துவிச்சக்கரவண்டி நூலைக் கொள்ளலாம். எனவே இந்நூல்களை மதிப்பிடுவதற்கான முதல் வினா இதுவாகும்: பயணியைச் சுமந்த பிறர் உழைப்பை நூல் காண்கிறதா, மறைக்கிறதா?

2

இவ்வினாவுக்கான அளவுகோலை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் தன்போன்ற கலைஞனுக்கு வழி கூறுவதே அவ்விலக்கிய வகையின் அமைப்பு. வள்ளலின் புகழ் பாடுதல் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பதையும், வீரயுகத்துக் கொடையுறவுகள் சமத்துவமானவை அல்ல என்பதையும் நாம் மறுக்கவில்லை. எனினும் அதன் உருவத்தில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பேசுபவனும் கேட்பவனும் ஒரே நிலையினர். சென்றவன் செல்லவிருப்பவனுக்குச் சொல்கிறான். ஆகவே வழியிலுள்ள இடர், உணவு, உணவிடும் மக்கள் ஆகியன அங்கு அலங்காரமாக அன்றித் தேவையான செய்திகளாக இடம்பெறுகின்றன. மலைபடுகடாம் மலைவழியின் இன்னல்களை ஒவ்வொன்றாக எச்சரித்துச் செல்வதும், பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகர், எயினர், ஆயர், உழவர் எனத் தொழிலால் வேறுபட்ட மக்களை அவரவர் உணவோடு காட்டுவதும் இதனாலேயே.

இவ்வுருவத்திலிருந்து இரு வினாக்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். வழியில் உள்ளோரை அவர்தம் தொழிலோடும் வாழ்வோடும் நூல் காண்கிறதா? அது எவரை நோக்கிப் பேசுகிறது? இவ்விரு வினாக்களுடன் துவிச்சக்கரவண்டி நூல்களை அணுகுவோம்.

3

துவிச்சக்கரவண்டியில் உலகைச் சுற்றியதாகக் கொள்ளப்படும் முதல்வர் தோமஸ் ஸ்ரீவன்ஸ் ஆவார். 1884இல் அமெரிக்காவில் தொடங்கிய அவரது பயணம் 1887இல் முடிந்தது. பத்தாண்டு கழிந்ததும் இப்பயணம் ஒரு வணிகமாகவே வளர்ந்திருந்தது. 1894-95இல் பொஸ்ரன் நகரிலிருந்து புறப்பட்ட அனி கொப்சோவ்ஸ்கி, ஊற்றுநீர் விற்கும் நிறுவனமொன்றிடம் நூறு டொலர் பெற்று, அந்நிறுவனத்தின் பெயரையே தம் பெயராக ஏற்று, 'அனி லண்டன்டெரி' ஆனார். கொழும்பும் அவரது வழியில் ஒரு துறைமுகம். அவர் வண்டியில் ஏறிச் சென்ற தூரத்தினும் வண்டியோடு கப்பலிற் சென்ற தூரமே மிகுதி. மூன்று பிள்ளைகளின் தாயான ஒரு குடியேறிய யூதப் பெண் வீட்டுச் சிறையை விட்டு வெளிப்பட்டமை முற்போக்கானதே. ஆனால் அவ்விடுதலைக்குச் சந்தை கேட்ட விலை அவரது பெயர். இம்முரண்பாடு அக்காலத்துக்கே உரியது.

கீழைத்தேயங்களைப் பொறுத்தவரை நாம் கருத்திற்கொள்ளவேண்டிய நூல், அமெரிக்கரான வனி புல்லொக் வேர்க்மனும் அவர் கணவர் வில்லியம் ஹன்ரர் வேர்க்மனும் எழுதி 1904இல் வெளிவந்த 'நகரினூடும் காட்டினூடும்' என்பதாகும். 1897இன் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டு இலங்கை, இந்தியா, பர்மா, யாவா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த பயணங்களின் விளைவு அது. இந்தியச் சமவெளியின் கோயில்களிடையேயும் மக்களிடையேயும் 14,000 மைல் வண்டியிற் சென்ற கதை என்று நூலின் துணைத்தலைப்பே அறிவிக்கிறது. மசச்சூசெற்ஸ் மாநில ஆளுநராக இருந்தவரின் மகள் வனி, கணவர் மருத்துவர். தேநீர், சீனி, பிஸ்கற், தகரத்தில் அடைத்த இறைச்சி, தலையணை, மருந்து, எழுதுபொருள் ஆகியவற்றை வண்டியிற் கட்டிக்கொண்டு, சில நாள்களில் 80 மைலுக்கு மேல் சென்றனர். ஒரே நாளில் நாற்பது துளைகள்வரை ஒட்டவேண்டியும் வந்தது. இவ்வுடலுழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்கள் வாக்குரிமைக்காக நின்ற வனி, பின்னர் 1912இல் காரக்கோரம் பனிமேட்டில் அக்கோரிக்கை தாங்கிய செய்தித்தாளை ஏந்திப் படம் எடுத்துக்கொண்டவர். பெண்ணின் உடல் பலவீனமானது என்ற கருத்தைத் தம் உடலாலேயே மறுத்தார்.

ஆனால் நூலின் துணைத்தலைப்பு கோயில்களை மக்களுக்கு முன் நிறுத்துவது பொருளற்றதன்று. கற்சிற்பங்களும் தூண்களும் புகைப்படங்களோடு விரிவாக இடம்பெற, அவற்றைச் சூழ வாழ்ந்த மனிதர் ஓரங்களில் நிற்கின்றனர். வேறு தங்குமிடம் இல்லாதபோது அவர்கள் உறங்கிய புகைவண்டி நிலையத் தங்கும் அறை, குடியேற்றவாத ஆட்சி ஐரோப்பியருக்குத் திறந்துவைத்த கதவு. இந்தியச் சமவெளிகளை அவர்கள் கடந்த அவ்வாண்டுகள் கொடும் பஞ்ச ஆண்டுகள் என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும். முதல் வினாவில் அந்நூல் தேறவில்லை.

4

இங்கு, பயணியைச் சுமந்தவற்றைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். அவை இரண்டு: சாலையும் சக்கரமும்.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் சாலை 1820களில் ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில் இராசகாரியம் எனும் கட்டாய உழைப்பைப் பெருமளவிற் கொண்டு அமைக்கப்பட்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையை அடுத்து 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டதாயினும், 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்கவேண்டும், அன்றேல் பணம் செலுத்தவேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். கோப்பிக்காக அமைந்த சாலையே பிற்காலத்தில் வெளிநாட்டுப் பயணியின் 'இயற்கை எழில் மிகுந்த' சாலையாயிற்று.

சக்கரத்தின் கதை இன்னும் கொடியது. 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்தபின்னரே துவிச்சக்கரவண்டி நெடும்பயணத்துக்கு உகந்த ஊர்தியாயிற்று. 1890களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆட்கொண்ட வண்டி மோகத்துக்கு வேண்டிய றப்பர், அமேசன் காடுகளிலும் பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் கொங்கோவிலும் காட்டு மரங்களிலிருந்தும் கொடிகளிலிருந்தும் எடுக்கப்பட்டது. கொங்கோவில் அது எத்தகைய வதைகளினூடாகப் பெறப்பட்டது என்பதை 1904இல் றொஜர் கேஸ்மன்ற் அளித்த அறிக்கை வெளிப்படுத்தியது. பிரேசிலிலிருந்து கடத்தப்பட்ட றப்பர் விதைகளின் நாற்றுகள் 1876இலேயே கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹேனரத்கொடைத் தாவரத் தோட்டத்தை வந்தடைந்திருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலும் மலாயாவிலும் றப்பர்ப் பெருந்தோட்டங்கள் பெருகின. விடியுமுன் எழுந்து அம்மரங்களிற் பால் வெட்டியோருள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர். 1920களில் உலகச் சந்தையின் றப்பரிற் பெரும்பங்கு ஆசியப் பெருந்தோட்டங்களின் விளைவாகவே இருந்தது. உலகம் சுற்றியவர் எம்மொழியினராயினும், அவர் சக்கரத்திற் சுழன்றது பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரின் உழைப்பே.

இத்தொழிலாளரின் முன்னோரும் பயணிகளே. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் கால்நடையாக நடந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவ்வழி பற்றி அவர்கள் நூல் எழுதவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் எழுதவும் இயலாது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அரிதின் முயன்று தொகுத்த மலைநாட்டு நாட்டார் பாடல்களிலேயே அவ்வாழ்வின் பதிவுகளை நாம் தேடவேண்டியுள்ளது. 14,000 மைல் சென்றவரைப் பயணி என்றும் 150 மைல் நடந்தவரைக் கூலி என்றும் வகுப்பது தூரமன்று, வர்க்கமே.

5

எனினும் இதனைக்கொண்டு துவிச்சக்கரவண்டி நூல்கள் யாவும் மேல்தட்டினரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது இயந்திரப் பாங்கான முடிவாகும். குடியேற்றவாதத்துக்கு உட்பட்ட மக்கள் அதே வண்டியில் ஏறியபோது அதன் பொருள் மாறிற்று.

1923 ஒக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் பாரசீகம், ஈராக், ஐரோப்பா, அமெரிக்கா, யப்பான், கொரியா, சீனம், இந்தோசீனம் ஆகியவற்றைக் கடந்து, 44,000 மைல் சென்று 1928 மார்ச்சில் ஊர் மீண்டனர். 1931இல் வெளிவந்த அவர்தம் ஆங்கில நூலுக்கு ஜவகர்லால் நேரு முன்னுரை வழங்கினார். ஆளப்படும் இந்தியன் உடலாற் குன்றியவன் என்ற ஆள்வோரின் கூற்றை மறுக்கும் தேசிய எழுச்சியின் ஓர் உறுப்பு அப்பயணம். ஆனால் பம்பாய் வணிகச் சமூகத்தின் ஒழுக்கவியலும் அதிலுண்டு. உடற்பயிற்சி, மனவுறுதி, சாதனை, சான்றிதழ் என்ற வரிசையில் உலகம் ஒரு பந்தயத் திடலாகிறது. தேசியப் பூர்ஷ்வா வர்க்கத்தின் வலிமையும் எல்லையும் ஒருங்கே அந்நூலிற் புலனாகின்றன.

வங்கத்து ராம்நாத் பிஸ்வாஸ் இதிலிருந்து வேறுபடுகிறார். சில்ஹெற் பகுதியில் 1894இற் பிறந்து, முதலாம் உலகப் போரிற் படையிற் பணியாற்றி, மலாயாவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றவர் அவர். 1931இற் சிங்கப்பூரிலிருந்து தம் வண்டியைச் செலுத்தத் தொடங்கினார். கீழை ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா, அமெரிக்கா எனப் பல கட்டங்களாக அப்பயணம் நீண்டது. அவர் வங்கமொழியில் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். ஆபிரிக்காவில் நிறத்தின் பெயரால் மனிதர் பிரிக்கப்படுவதைத் தம் தோலின் வழியாக அறிந்து எழுதினார். சாலையில் அவருக்கு விருந்திட்டோர் பலர் புலம்பெயர்ந்த சாதாரண இந்தியர். அவர் ஆங்கிலத்தில் எழுதித் தம் வீரத்தை ஆள்வோருக்கு நிறுவவில்லை. தம் மொழியில் எழுதித் தம் மக்களுக்கு உலகைக் காட்டினார். எவரை நோக்கிப் பேசுகிறது என்னும் இரண்டாம் வினாவுக்கு இந்நூல்கள் தக்க விடை தருகின்றன. ஆற்றுப்படையின் பண்பு இங்கே மீள்கிறது எனலாம்.

தமிழிலோ, இதே காலப்பகுதியில் 'உலகம் சுற்றும் தமிழன்' முதலிய நூல்களால் பயண இலக்கியத்தை நிலைநிறுத்திய ஏ. கே. செட்டியார் பெரும்பாலும் கப்பலிலும் புகைவண்டியிலும் சென்றவர். தமிழ்ப் பயண நூலின் வளர்ச்சி நகரத்து மத்தியதர வர்க்கத்தின் வளர்ச்சியோடும் பருவ இதழ்களின் பெருக்கத்தோடும் இணைந்தது. அவ்வர்க்கத்துக்குத் துவிச்சக்கரவண்டி அலுவலகம் செல்லும் ஊர்தி. உழைக்கும் மக்களுக்கோ அது சுமை தாங்கும் கருவி. சாலையிற் களிப்புக்காக வண்டி மிதிக்கும் ஓய்வு இருதிறத்தார்க்கும் இல்லை. பம்பாயிலும் வங்கத்திலும் தோன்றியது போன்ற நெடும்பயண நூல் மரபு தமிழில் வேரூன்றாமைக்குத் தமிழரின் துணிவின்மையைக் காரணங்காட்டுவோர், இச்சமூக அடிப்படையை நோக்குவதில்லை.

6

பயண நூல் இன்பத்துக்கு உரியது. அதனிடம் சாலை போட்டவன் கணக்கைக் கேட்பது இலக்கியத்தை வறட்டுச் சூத்திரத்தில் அடைப்பதாகும் என்று சிலர் வாதிக்கலாம். இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கவில்லை. இறக்கத்தில் காற்றை எதிர்கொள்ளும் மகிழ்ச்சி மெய்யானது. அம்மகிழ்ச்சி எல்லோருக்கும் உரியதாகவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. 1990களின் தொடக்கத்திற் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் துவிச்சக்கரவண்டி ஓட்டக் கற்றனர். பி. சாயிநாத் தம் நூலில் அதனைப் பதிவுசெய்துள்ளார். கல்லுடைத்தோரும் வயலில் உழைத்தோரும் அவர்களுள் இருந்தனர். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிச்சென்ற அப்பெண்களின் களிப்பு வேர்க்மன் அம்மையாரின் களிப்பினும் தாழ்ந்ததன்று. தேவையும் மகிழ்ச்சியும் அங்கே பிரிந்து நிற்கவில்லை. உழைப்பைக் கண்ட எழுத்தில் இன்பம் குன்றும் என்பார்க்கு இதுவே விடை.

7

இனி, எமது நாட்டுக்கு வருவோம். ஈழத்துத் தமிழரின் அண்மைக்கால வரலாற்றில் துவிச்சக்கரவண்டி பெற்ற இடம் வேறெச்சமூகத்திலும் அரிதாகவே பெற்றிருக்கும். 1990இற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்டன, மின்சாரம் நின்றது. நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றன. வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டமையால், கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடந்து, வன்னிக் காட்டுப்பாதைகளில் வவுனியா எல்லைவரை வண்டி மிதித்து, பொருள் ஏற்றி மீண்டவர் பலர். கடனீரேரியில் உயிர்நீத்தோரும் பலர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நெரிசலில் மிதிக்கவியலாத வண்டிகளை உருட்டியே சென்றனர். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், கையில் எடுக்க அனுமதிக்கப்பட்ட சிலவற்றோடு மட்டும் அதே நிலத்தைக் கடந்தனர். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் பயண வரலாறு முழுமையானதன்று.

இப்பயணங்கள் தனிமனித சாதனைகள் அல்ல. வழியிலே துளை ஒட்டிக் கொடுத்தவன், தண்ணீர் வைத்த வீட்டார், படகோட்டி, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று எதிரே வந்து சொன்னவன் ஆகியோரின்றி எவரும் ஊர் சேர்ந்திலர். 'அங்காலை போகாதேங்கோ' என்று எதிர்ப்பட்ட ஒருவர் எச்சரிப்பதும், மலைபடுகடாத்துக் கூத்தன் வழியின் இடர் கூறுவதும் செயலளவில் ஒன்றே. சென்றவன் செல்பவனுக்குச் சொல்லும் இலக்கியத்துக்கான மூலப்பொருள் இம்மக்களிடம் நிரம்ப உள்ளது. கவிதையிலும் சிறுகதையிலும் நினைவுக்குறிப்பிலும் அதன் பகுதிகள் வெளிப்பட்டுள்ளன. ஆயினும் பயண இலக்கியம் எனும் வகையுள் வைத்து அவற்றை நாம் ஆராய்வதில்லை. விருப்பத்தோடு செய்ததே பயணம், வேறு வழியின்றிச் செய்தது இடப்பெயர்வு என்ற பாகுபாடு எமது ஆய்வுலகிலும் ஆழ வேரூன்றியுள்ளது. மன்னாரிலிருந்து நடந்தவரைப் பயணி எனக் கொள்ளாத அதே பாகுபாடு இது.

8

இலக்கிய ஆய்வு, வகைகளைப் பெயரிடுவதோடு நின்றுவிடலாகாது. எவருடைய அனுபவம் எவ்வகைக்குள் அனுமதிக்கப்படுகிறது என்பதையும் அது கேட்கவேண்டும். கிளாலியைக் கடந்தோருட் பலர் இன்று கொழும்பில், வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் முதுமை எய்தி வருகின்றனர். அதே தெருக்களில் மீன்பெட்டியும் லொத்தர்ச் சீட்டும் ஏற்றிச் செல்லும் வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2022இன் எரிபொருள் நெருக்கடியில் அலுவலகம் செல்லும் மத்தியதர வர்க்கத்தினர் சிலரும் வண்டியேறத் தலைப்பட்டனர், விலை பன்மடங்காயிற்று. மிதிக்கும் உழைப்பு எத்தகையது என்பதை அவ்வர்க்கம் சில மாதங்களேனும் உடலால் அறிந்தது. நெருக்கடி தணிந்ததும் அவ்வறிவும் தணிந்தது. எழுத்திற் பதியாத அனுபவம் இவ்வாறே மறைகிறது.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு இங்கே தெளிவானதொரு கடமை உண்டு. இம்முதியோரிடம் சென்று, அவர்தம் வழக்கிலேயே, வழியும் நாளும் சுமையும் உதவியவர் தொழிலும் உட்பட அப்பயணங்களைக் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், மலையகத்திலிருந்து பெயர்ந்து வன்னியிற் குடியேறியோர் ஆகிய அனைவரது வழிகளும் அத்தொகுப்பில் இடம்பெறுதல் வேண்டும். அது நிகழுமாயின், துவிச்சக்கரவண்டிப் பயண இலக்கியத்துக்குத் தமிழ் வழங்கும் பங்கு வேர்க்மன் இணையரின் நூலைப் பின்பற்றிய ஒன்றாக இராது. பயணியையும் அவரைச் சுமந்தவரையும் ஒரே பக்கத்திற் காணும் புதியதோர் ஆற்றுப்படையாக அது அமையும். அதற்கான சான்றாளர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை மட்டும் ஆய்வு மாணவர் நினைவிற் கொள்வாராக.